மீன் தொட்டிக்குள் அப்பா

இன்று விடிய எங்கள் ஊர் உடையார்கட்டில் கரண்ட் போய்விட்டது.

அதோடு எங்கள் வீட்டு வளவில் கட்டிய மீன் தொட்டியில் தண்ணீருக்குக் காற்று ஊதும் ஏரேட்டரும் நின்றுவிட்டது. போய்ப் பார்த்தால், திலாப்பியாக்கள் எல்லாம் மேலே வந்து மூச்சுக்குத் தவிக்கின்றன.

ஏரேட்டர் வாங்கிய நாளிலிருந்து "மீனுக்கு என்னத்துக்கடி ஃபேன்?" என்று நக்கலடித்த அப்பா, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினார்.

"பிள்ளை, ஓடிப்போய் வாளியளைக் கொண்டு வா!"

அவர் உள்ளே, நான் வெளியே. தண்ணீரை அள்ளி அள்ளி உயரத்திலிருந்து ஊற்றினோம்.

பக்கத்து வீட்டு மாமி வேலியால் எட்டிப் பார்த்தார். "என்ன, மீனுகளைக் குளிப்பாட்டுறியளோ?"

நான் வெட்கத்தில் குனிந்து அடுத்த வாளியை நிரப்பினேன். அப்பாதான் சொன்னார்: "இல்லையக்கா, தண்ணியிலை ஒக்சிசன் குறைஞ்சு போச்சு. உயரத்தாலை ஊத்தினாத்தான் காத்துச் சேரும்."

போன கிழமை இதையே நான் விளக்கியபோது கொட்டாவி விட்டவர்!

மாமியும் ஒரு வாளியோடு வந்துவிட்டார். கரண்ட் வரும்வரை மூவரும் மாறி மாறி ஊற்றினோம். ஒரு மீனும் சாகவில்லை.

அப்பா மட்டும் கதிரையில் சாய்ந்து மூச்சு வாங்கினார். "பிள்ளை, எனக்கும் ஒரு ஏரேட்டர் பூட்டிவிடு."

வவுனியாவில், கரண்ட் இல்லாமல் பற்றரியில் ஓடும் ஏரேட்டர் எந்தக் கடையில் கிடைக்கும்? தெரிந்தவர்கள் கெதியாகச் சொல்லுங்கள். அப்பா இன்னொரு தரம் இறங்க மாட்டாராம்.