விசிறிக்குக் கீழே ஒரு மேசை

நேற்று சென்னையில் ஓட்டலில் சாப்பிட்டு முடித்ததும், கை கழுவ வெந்நீரில் எலுமிச்சைத் துண்டு போட்டுக் கொண்டுவந்தார்கள். அந்த மணம் என்னை நாகர்கோவிலின் வடசேரிச் சந்தைக்கு இழுத்துப் போய்விட்டது.

கடியப்பட்டணத்திலிருந்து மீன் கொண்டுபோய் விற்ற அம்மா, மே மாத லீவில் என்னையும் கூட்டிப் போவாள். எங்களுக்கு நாகர்கோவில்தான் பெரிய பட்டணம். விற்று முடித்ததும் குழாயடியில் எலுமிச்சைத் தோலால் முழங்கை வரை உரசிக் கழுவி, வேறு சேலை கட்டிக்கொண்டு, பக்கத்துச் சைவ ஓட்டலுக்குள் நுழைந்து, வெளியே வெயில் தீயாய் எரிய, விசிறிக்குக் கீழே சில்லென்ற கல் மேசையில் என்னை உட்காரவைத்து, ரசவடையும் ரோஸ்மில்க்கும் வாங்கித் தருவாள். இப்போது அந்த ஓட்டலை இடித்துச் செல்போன் கடை கட்டிவிட்டார்கள்.

ஒருநாள் அடுத்த மேசைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு சப்ளையரைக் கூப்பிட்டார். "மீன் நாறுது. இவங்கள வெளிய போகச் சொல்லு."

சப்ளையர் எங்களைப் பார்த்தார். நான் வடையை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். இனி இந்த ஓட்டலுக்கு வரவே முடியாது என்று நினைத்தேன். மூக்கைப் பொத்திய அந்த ஆள்மேல் இன்றும் எனக்கு ஆத்திரம்தான்.

அம்மா அசையவில்லை. "ஏன் அண்ணாச்சி, காலையில எங்கிட்ட பேரம் பேசி வாங்கிட்டுப் போன சாளை மீனு மட்டும் மணக்குதோ?"

ஓட்டலே சிரித்தது, சப்ளையர் உட்பட. அடுத்த மேசைக்காரர் பாதித் தோசையை வைத்துவிட்டுப் போனார்.

"ஏட்டி, எதுக்குக் குனியுத? நிமிந்து இருந்து தின்னு" என்றாள் அம்மா.

தின்றேன். இன்னொரு வடையும் கேட்டேன்.