ஈயம் ஒட்டிய தற்செயல்

அறுபது கார்க் கூரைகளுக்கும் ஒரு சக்கரத்துக்குமாக முப்பத்தாறு டாலர். கொலராடோ மேட்டில் குடியேறிய கலைஞர் கூட்டம் மேனா பொனாச்சிக்குத் தரவேண்டிய கடன் அது. பத்து மாதமாகியும் ஒரு காசு வரவில்லை.

மேனா மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள். புருஷன் விட்டுப்போன ஒற்றைக் கைவண்டியை நாலு ஏக்கர் பழைய இரும்புக் கிடங்காக்கியவள். அவளை ஏமாற்றிய ஆள் அந்த வட்டாரத்தில் கிடையாது. கேட்டால் அவளே சொல்வாள்.

அவள் பணம் கேட்கப் போனபோது, கார்த் தகடுகளை ஒட்டுப்போட்டுக் கட்டிய கூடத்தில் ஆண்கள் நால்வர் படுத்தபடி மனிதகுல விடுதலையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் மூவரும் அடுப்படியில். அவர்களில் ஜூடித் பீன்ஸ் பானையைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"உங்க பணம் வந்துரும் மேனாம்மா. டென்வர் பல் டாக்டர் என் தகட்டுச் சித்திரத்துக்கு இருநூறு டாலர் பேசியிருக்காரு. சனிக்கிழமைக்குள்ள முடிக்கணும். எங்க முடிக்க? பத்தொன்பது நாளா சமையல் எங்க மூணு பேர் தலையிலயே விழுது."

"யாரு வச்ச முறை இது?"

ஜெரால்டு படுத்தபடியே சுவரைக் காட்டினான். அச்சில் மாட்டிய கார்ச் சக்கரம். சுற்றிலும் ஏழு பெயர்கள், ஒரு பக்கம் ஆண்கள், எதிர்ப்பக்கம் பெண்கள். "தினமும் சுத்துவோம். உச்சியில நிக்கிற பேரு சமைக்கணும். தற்செயல்தான் எங்க கலை. மனுஷன் கையே இதுல படாது."

மேனா சுற்றினாள். சக்கரம் ஓடி, தயங்கி, பின்னுக்கு ஆடி நின்றது. ஜூடித். மறுபடி சுற்றினாள். அதே ஆட்டம், அடுப்படியில் நின்ற ரூத்தின் பெயர். மேனா விளிம்பின் பின்பக்கம் விரலை ஓட்டினாள். ஆண்கள் பெயர்களுக்கு அடியில் கட்டைவிரல் தண்டி ஈயக்கட்டி.

"சக்கரம் ஆடாம ஓட கார்க் கம்பெனி வைக்கிற ஈயம். வாங்கும்போதே இருந்திருக்கும்," என்றான் ஜெரால்டு.

"என் கிடங்குலயா? ஈயத்தை உரிச்சுத் தனியா விக்காம ஒரு சக்கரம் என் வாசலைத் தாண்டினதில்ல ராசா. கனம் கீழ போகும், எதிர்ப்பக்கம் மேல வரும். நீ காலேஜ்ல படிச்சே. நான் படிக்காமலே தெரிஞ்சுக்கிட்டேன்."

ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்து, அதைப் பெண்கள் பெயர்களுக்கு அடியில் அடித்து இறுக்கினாள். "இதுவும் தற்செயல்தான். கை வச்சிராதே." சுற்றிவிட்டாள். உச்சியில் ஜெரால்டு.

வாயைத் திறந்தான். அநியாயம் என்றால் பழைய அநியாயத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எழுந்து அடுப்படிக்குப் போனான். அந்த வாரம் முழுக்க விடுதலை வீரர்கள் நால்வரும் முறைவைத்து பீன்ஸைக் கருக்கினார்கள்.

திங்கட்கிழமை ஜூடித் கிடங்குக்கு வந்தாள். கையெல்லாம் தகடு கீறிய தழும்பு.

"பல் டாக்டர் குடுத்த பணத்தைப் பொதுப் பெட்டியில போடச் சொன்னான் ஜெரால்டு. அவன் பாத்திரம் தேய்க்கிற நேரமாப் பாத்துக் கிளம்பிட்டேன்."

மேனா கையுறையைக் கழற்றி உள்ளங்கையை விரித்தாள். ஐந்து டாலர்த் தாள்கள் ஏழு, ஒவ்வொன்றாக விழுந்தன. கடைசியாக ஒரு ஒற்றை டாலர்.