பட்டன் அக்காவும் ஒன்பது துளைப் பலகையும்

மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரையை நரம்பு நோய்க்காரிக்கு எதற்குக் கொடுக்க வேண்டும்? எதிர்வீட்டுப் பட்டன் அக்கா ஒருநாள் என்னிடம் இப்படிக் கேட்டாள்.

சட்டை தைக்கும் பட்டறையில் பட்டன் வைப்பது அக்காவின் வேலை. முதலில் வலது கால் இழுத்தது. பிறகு விரல்கள் மரத்தன. "எல்லாம் மனசுலதான் இருக்கு, நல்லா தூங்கினா சரியாயிடும்" என்றுதான் போன இடமெல்லாம் சொல்லி அனுப்பினார்கள். ஸ்கேன் எடுத்த பிறகுதான் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று தெரிந்தது. மூளையிலும் முதுகுத்தண்டிலும் உள்ள நரம்புகளின் மேலுறையை உடம்பே அரிக்கும் நோய். அக்காவுக்கு வந்தது மெல்ல மெல்ல முற்றிக்கொண்டே போகிற வகை. அதற்கென்று கொடுத்த மருந்து எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மருந்துச் சோதனைக்குக் கூப்பிட்டார்கள். மனச்சோர்வு மாத்திரை என்று காதில் விழுந்ததும் அக்கா தடியை ஊன்றி எழுந்துவிட்டாள்.

"மறுபடியும் மனசுலதான்னு ஆரம்பிக்கிறீங்களா? கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு."

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். "உங்க மனசுக்கு ஒண்ணும் இல்லம்மா. இந்த மாத்திரை நரம்பு செல்லு சாகாம காப்பாத்துமான்னு பாக்குறோம். காப்பாத்துமான்னு எனக்கே தெரியாது. பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரைதான் போகும். யாருக்கு எதுன்னு அதுவும் தெரியாது."

"தெரியாதுன்னு சொன்ன முதல் டாக்டர் நீங்கதான்" என்று அக்கா திரும்ப உட்கார்ந்தாள்.

போகிற ஒவ்வொரு முறையும் நடக்கச் சொல்வார்கள். பிறகு ஒன்பது துளை உள்ள பலகையில் குச்சி மாதிரி சின்னச் சின்ன முளைகளைச் செருகி எடுக்க வேண்டும். நர்ஸ் நேரம் பார்ப்பார். முதல் தடவை முளைகள் தரையெல்லாம் உருண்டன. பட்டறையில் பேர் வாங்கிய கை அது. அக்காவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரு துண்டுப் பலகைகிட்ட நான் தோக்கறதா?"

அவள் கணவர் தச்சர்; கூட வந்தவர் பலகையைக் கண்ணாலேயே அளந்துவைத்திருந்தார். அந்த வாரமே அளவு மாறாமல் ஒரு பலகை செய்து கொடுத்துவிட்டார். உட்கார்ந்த நேரமெல்லாம் அக்கா அதோடுதான் மல்லுக்கட்டினாள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் முளைகள் கையில் பறந்தன. நர்ஸ் அசந்துபோனார். "என்னக்கா, கை இந்த ஓட்டம் ஓடுது?"

அக்கா வாய் திறப்பதற்குள் தச்சர் முந்திக்கொண்டார். "ஓடாம என்ன சிஸ்டர்? இதே பலகைய வீட்ல நான் செஞ்சு குடுத்திருக்கேன். உங்க துளையெல்லாம் லொடலொடங்குது. என்னுது கச்சிதம்."

நர்ஸ் எழுந்து டாக்டரம்மாவைக் கூட்டிவரப் போனார்.

"உங்க பெருமைய இங்கதான் கொட்டணுமா?" என்று அக்கா பல்லைக் கடித்தாள்.

டாக்டரம்மா வந்து உட்கார்ந்தார். "கை தேறினது மாத்திரையாலயா, பழக்கத்தாலயா? இப்ப எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?"

"பழகக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே" என்றாள் அக்கா. சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இங்கிருந்து அனுப்பிவிட்டால் போக வேறு இடம் இல்லை. பொய்யாய்த் தேறின தன் கையை நம்பி நாளைக்கு இன்னொருத்தி இந்த மாத்திரையை விழுங்குவாளே என்ற நினைப்பும் சுருக்கென்று தைத்தது.

"கைக் கணக்க அடிச்சுடுங்க டாக்டர். காலு இருக்கு, ஸ்கேன் இருக்கு. அதுக்கெல்லாம் பலகை செய்ய இவரால முடியாது. ஆனா என்னை வெளிய அனுப்பாதீங்க. அனுப்பினா வாசல்லயே உக்காந்துக்குவேன்."

சோதனையை நடத்தும் மேலிடத்தில் கேட்டுவிட்டு டாக்டரம்மா போன் செய்தார். அக்கா தொடரலாம். நடந்ததை எழுதிவைத்து, கைக் கணக்கைத் தனியாக ஒதுக்கிவிடுவார்கள். சோதனை முடியும்வரை வீட்டுப் பலகையைத் தொடக் கூடாது.

"அப்ப அதை அடுப்புல வெச்சுடவா?" என்றார் தச்சர்.

"வெச்சுத்தான் பாருங்களேன்" என்று அக்கா முறைத்தாள்.

தான் விழுங்குவது மருந்தா வெறும் மாவா என்று அக்காவுக்கு இன்னும் தெரியாது. பட்டறையில் ஒருத்தி, "மாத்திரை வேலை செய்யலைன்னா எல்லாம் வீண்தானே?" என்று குத்திக் கேட்டாள்.

"செய்யலைன்னா செய்யலைன்னு தெரியும்ல? அதைச் சொல்லவும் ஒரு உடம்பு வேணும்டி. இது என் உடம்பு, சும்மா படுத்துக் கிடக்காது."

இப்படி ஒரு சோதனைக்குப் போவதா வேண்டாமா என்று தயங்குகிறவர் யாராவது உங்களுக்குத் தெரிந்தால், அக்காவின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். வீட்டில் பலகை செய்ய வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.