சூட்டுப் பீரோ

தேவதானப்பட்டிப் பக்கம் மோட்டார் நின்றுபோனால் முதலில் மொக்கைச்சாமியைத்தான் தேடுவார்கள். இரும்பில் கரண்ட் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க அவருக்கு டெஸ்டர் வேண்டாம். செருப்பை வரப்பில் விட்டுவிட்டு, புறங்கையால் லேசாக ஒற்றிப் பார்ப்பார். உள்ளங்கை என்றால் பிடித்துக்கொள்ளும், புறங்கை என்றால் உதறிவிடும் என்று விளக்கம் வேறு. முப்பது வருஷமாக அந்தக் கை பொய் சொன்னதில்லை என்பதில் மனுஷனுக்குக் கொஞ்சநஞ்சப் பெருமையா!

பிழைப்பு என்னவோ நாற்றுப்பண்ணைதான். அவரும் மனைவி சுருளியம்மாளும் குழித்தட்டுகளில் மிளகாய் விதை போட்டு நாற்றாக்கி விற்கிறார்கள். ஐப்பசிக் குளிரில் விதை முளைக்க அடம்பிடிக்கும். போன வருஷம் பாதித் தட்டு அழுகியே போயிற்று.

இந்த வருஷம், சுருளியம்மாளுக்குச் சீராக வந்து துருவேறிக் கிடந்த இரும்பு பீரோமேல் அவர் கண் விழுந்தது. அதை நாற்றுக் கொட்டகைக்கு இழுத்து வந்தார். அடியில் நான்கு குண்டு பல்பு, மேலே விதைத் தட்டுகள். பின்தகட்டில் ஓட்டை போட்டு வயரை உள்ளே விட்டார். எர்த் வயரை மட்டும் வெட்டிச் சுருட்டி வைத்துவிட்டார். கொட்டகையில் அதற்கு இணைப்பே கிடையாது. கடைசியில் புறங்கையை ஒற்றினார். ஒன்றுமில்லை. இருந்திருந்தாலும் எப்படித் தெரியும்? ரப்பர் செருப்பைக் கழற்ற மறந்திருந்தார்.

ஏழாம் நாளே முளை எட்டிப் பார்த்தது. அப்புறம் அவரைப் பிடிக்க முடியுமா! ரோட்டில் போகிறவர்களையெல்லாம் கூட்டி வந்து கதவைத் திறந்து காட்டினார். இரண்டு வேளையும் தட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்தது மட்டும் சுருளியம்மாள். விதை இருக்கும் இடத்துக்குள் அவள் செருப்போடு போவதில்லை.

கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டு, குளித்த ஈரத்தோடு, வெறுங்காலில் நேரே கொட்டகைக்கு வந்தார். தரை சொதசொதவென்று இருந்தது. வழக்கம்போல் பீரோவில் புறங்கையை ஒற்றியவர், மறுநொடி மல்லாந்து கிடந்தார்.

சுருளியம்மாள் அவரிடம் ஓடவில்லை. முதலில் மெயினை அணைத்தாள். நல்லவேளை, முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. மூச்சு நிதானப்பட்டதும் பின்பக்கம் போய்ப் பார்த்தார். ஓட்டையின் விளிம்பு வயரின் தோலை நாளுக்குநாள் அறுத்து, உள்ளிருந்த கம்பி தகட்டில் முட்டிக்கொண்டிருந்தது.

"நாலு நாளா எனக்கும் சுருக்குச் சுருக்குன்னுதான் இருந்துச்சு, சாமி," என்றாள்.

"ஏன் சொல்லலை?"

"அம்புட்டு ஆசையாக் கட்டியிருந்தீக. சொன்னா பிரிச்சுப் போட்டுருவீகளோன்னு விட்டுட்டேன்."

அவள் கையை இழுத்துத் திருப்பிப் பார்த்தார். வெறுங்காலில் அவர் தொட்டது ஒரே தடவை. அவள் நாலு நாளும் ஈரக்கையோடு தொட்டிருக்கிறாள்.

அன்றைக்கே லைசென்ஸ் உள்ள வயர்மேனை அழைத்து வந்தார். எர்த் குழி தோண்டி பீரோவுக்கு இணைப்புக் கொடுத்தார்கள். வயரை மாற்றி, ஓட்டைக்கு ரப்பர் வளையம் போட்டார்கள். கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்சும் வந்தது. கடைசியில் மொக்கைச்சாமி புறங்கையை நீட்டாமல், வயர்மேனின் டெஸ்டரை வாங்கி வைத்துப் பார்த்தார்.

வயர்மேன் போனதும் சுருளியம்மாளிடம் வந்து நின்றார்.

"நாத்துப் போனா இன்னொருக்கா வெதைக்கலாம் ஆத்தா. இனிமே எதுல சுருக்குன்னாலும் மெயினை அமத்திட்டு, என்னையக் கூப்பிட்டுத் திட்டு."

மாலை போட்ட சாமியைத் திட்டினால் பாவமாயிற்றே என்றாள் அவள். இதற்கு மட்டும் திட்டலாம் என்றார் சாமி.

அங்கேயே ஆரம்பித்துவிட்டாள். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றார்.