இஸ்திரி போட்ட சீட்டுகள்

அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவளைப் 'பாக்கெட் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். நோயாளிகளின் உடுப்பு எதுவும் அவள் துழாவாமல் இயந்திரத்துக்குள் போகாது. பாதி பிஸ்கட், ஒற்றைச் சாவி, ஒருமுறை முழுப் பல்செட்டுகூட வந்தது. பொருளென்றால் சூப்பர்வைசரிடம், காகிதமென்றால் குப்பைக்கு. அதுதான் விதி.

ஒரு காகிதத்தை மட்டும் குப்பையில் போட அவளுக்கு மனம் வரவில்லை. அரசு காப்பீட்டு கவுன்டரில் தரும் சின்னச் சீட்டு. 'திட்டத்தில் சேராதவர்' என்று அச்சடித்திருக்கும். ஒப்பந்தக் கூலிக்கும் வீட்டுவேலை செய்பவளுக்கும் அந்தத் திட்டத்தில் இடமில்லை. மூன்று வருடத்தில் நூற்றுப் பத்துச் சீட்டுகள் சேர்ந்தன.

காப்பீட்டை எல்லோருக்கும் விரிவுபடுத்தலாமா என்று விசாரிக்க அரசுக் குழு வருவதாகக் கேள்விப்பட்டதும் துணிந்தாள். பேர் சொல்லாமல் சீட்டுகளை அவர்கள் மேசையில் வைத்துவிட்டு நழுவிவிட வேண்டும். அவளும் ஒப்பந்தத் தொழிலாளிதான். வீட்டில், இதய வால்வு பழுதாகி, மூன்றாவது படியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும் கணவர். இந்த வேலை போனால் அவருடைய மாத்திரையும் போகும்.

கசங்கியதைக் கசங்கியபடி கொடுக்க அவள் கை கேட்குமா? விசாரணை நாளன்று காலை சீட்டுகளைப் பரப்பி, மேலே துணி போட்டு, இஸ்திரிப்பெட்டியை ஓட்டினாள். துணியை விலக்கினாள். சூடு பட்டால் கறுக்கிற காகிதம் அது. நூற்றுப் பத்தும் கரியாகக் கிடந்தன.

இருந்தும் அவற்றையே எடுத்துக்கொண்டு, கணவரைக் கைத்தாங்கலாக விசாரணைக் கூடத்துக்கு அழைத்துப் போனாள். கடைசி வரிசையில் சூப்பர்வைசர், கையில் நோட்டுப் புத்தகம். யார் வாய் திறக்கிறார்கள் என்று குறிக்க ஒப்பந்த நிறுவனம் அனுப்பியிருந்தது.

மேசையில் வைத்துவிட்டுத் திரும்பியவளைக் குழுத் தலைவி நிறுத்தினார். "இதுல ஒண்ணும் தெரியலையேம்மா."

"நான்தான் தேய்ச்சுட்டேம்மா."

யாரோ சிரித்தார்கள். எந்தச் சீட்டு ஹேர் கிளிப்போடு வந்தது, எது கண்ணாடியோடு வந்தது என்று தட்டுத்தடுமாறிச் சொன்னாள். வாசிக்கிற மாதிரி ஒன்றாவது இருந்தால்தான் பதிவு செய்ய முடியும் என்றார் தலைவி.

ஒன்று இருந்தது. மற்றவற்றோடு சேர்க்க மனமில்லாமல் பர்ஸிலேயே வைத்திருந்த கணவரின் சீட்டு. அதில் விண்ணப்பித்தவளாக அவள் பேரும் வேலையிடமும் இருந்தன. கணவரைப் பார்த்தாள். பேனா மூடியைக் கழற்றிய சூப்பர்வைசரைப் பார்த்தாள். பர்ஸைத் திறந்தாள்.

"இது என் வீட்டுக்காரரோடது. நான் அதே ஆஸ்பத்திரியில துணி தோய்க்கிறவ. நான் தோய்ச்ச விரிப்புல அவர் படுக்க முடியாதுன்னு இதுல எழுதியிருக்கு. எல்லாரையும் சேருங்கம்மா. ஒருத்தரையும் விட்டுடாதீங்க."

தலைவி அதை வாங்கி, முதல் ஆதாரமாக முத்திரை குத்தினார்.

"நகல் எடுத்துட்டுக் குடுத்துடுங்க," என்றாள் அவள். "நாளைக்கு இவரு மாத்திரைக்குப் போனா கவுன்டர்ல கேப்பாங்க."

வாசலில் சூப்பர்வைசர் வழிமறித்தார். அவள் கணவரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவர் நோட்டை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து கசங்கிய சீட்டு ஒன்றை எடுத்தார்.

"எங்கம்மாவோடது. நானும் ஒப்பந்தம்தானேக்கா. இதையும் உள்ள குடுத்துடுங்க." சீட்டை அவள் கையில் வைத்தார். "தேய்ச்சுடாதீங்க."