ஜாக்கெட் துணி வைத்து வாங்கிய லேப்டாப்

என் லேப்டாப் பையின் உள் ஜிப்பில் ஒரு துணித் துண்டு இருக்கிறது. பட்டு, அரக்கு நிறம், உள்ளங்கை அகலம். ஒரு ஓரம் கத்தரியால் நேராக வெட்டப்பட்டது. மற்ற மூன்று ஓரங்களிலும் நூல் பிரிந்து தொங்குகிறது. ஏழு வருடமாக வெயில் படாமல் அங்கேயே கிடப்பதால் நிறம் போகவில்லை. கல்யாண ஆல்பம் வடிவமைக்கச் சொல்லி வருகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு, கோயிலில் கொடுத்ததா என்று கேட்பார்கள். என் நாத்தனார் என்னை நம்பவில்லை என்பதற்கு அத்தாட்சி என்று சொல்வேன். சிரிப்பார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்வதில்லை.

நாத்தனார் என் கணவருக்கு அக்கா. பாரிவாக்கத்தில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவர். புடவைக்குப் பொருத்தமாகத் துணி எடுக்கப் போனால் கடைக்குள் நின்று முடிவு செய்யவே மாட்டார். துணிக்கட்டைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுவார். கடைக்காரர் பின்னாலேயே ஓடி வர வேண்டும். "டியூப்லைட்டு பொய் சொல்லும்மே, வெயிலு சொல்லாது" என்பார். எனக்கு அவரைப் பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. இரண்டு பேருக்கும் வாய் நீளம், அவ்வளவுதான் காரணம்.

அப்போது நான் பூந்தமல்லியில் ஒரு ஸ்டூடியோவில் ஆல்பம் டிசைன் செய்துகொண்டிருந்தேன். நாத்தனார் மகளின் கல்யாண ஆல்பமும் என் கைக்குத்தான் வந்தது. மனசார வேலை செய்தேன். ஆல்பம் அச்சாகி வந்ததும் நானே பாரிவாக்கத்துக்கு எடுத்துப் போனேன். சம்பந்தி வீட்டார் உட்பட எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது பக்கத்தைத் திருப்பிய நாத்தனார் நிறுத்திவிட்டார். எழுந்து போய்த் தையல் டப்பாவிலிருந்து, மகளின் கூரைப் புடவைக்குத் தைத்த ஜாக்கெட்டில் மிஞ்சிய துண்டை எடுத்து வந்து பக்கத்தின் மேல் வைத்தார். துண்டு அரக்காக இருந்தது. படத்தில் புடவை செங்கல் நிறத்தில் இருந்தது.

"இது எம் பொண்ணு கட்ன பொடவ இல்ல" என்றார். "செங்கல் சூளைல பொரண்டு எய்ந்த மாறி கீது."

சம்பந்தி அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு எரிந்தது. "கம்ப்யூட்டர்ல சரியாத்தான் இருந்துச்சு. உங்க கண்ணுலதான் கோளாறு" என்றேன். அவர் ஆல்பத்தை மூடினார். அதற்குப் பிறகு நான்கு மாதம் எங்களுக்குள் பேச்சில்லை.

தப்பு என்னுடையதுதான். மறுநாளே அந்தப் படத்தை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஸ்டூடியோவின் பழைய திரை எல்லாவற்றையும் லேசாக நீலமாகக் காட்டிக்கொண்டிருந்தது. அந்த நீலத்தைப் போக்குவதாக நினைத்து நான் ஒவ்வொரு படத்திலும் மஞ்சளையும் சிவப்பையும் ஏற்றிக்கொண்டிருந்தேன். எத்தனை பெண்களின் புடவையைச் செங்கல் ஆக்கினேனோ தெரியாது. அவர்கள் யாரும் துண்டு வைத்துப் பார்க்கவில்லை. திரையை மாற்றச் சொல்லி முதலாளியிடம் கேட்டேன். "பார்ட்டிக்கு மூஞ்சி தெரிஞ்சா போதும்மா" என்றார். வாடிக்கையாளர் முன்னாலேயே அவரிடம் கத்திவிட்டு வெளியே வந்தேன். அன்றைக்கு வந்த கோபத்தில் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை.

சொந்தமாகத் தொழில் செய்வது என்று முடிவு செய்து இரண்டு வளையல்களை விற்றேன். ஒரு லேப்டாப்தான் வாங்க முடியும். அது தப்பான திரையாக அமைந்தால் மறுபடியும் செங்கல், அதோடு தொழிலும் முடிந்தது. எத்தனை ஜிபி மெமரி, எந்தப் பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு வேண்டுமா என்று ஒரு தாள் நிறைய எழுதி வைத்திருந்தேன். அவையெல்லாம் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும். நிறம் சரியா என்பதை எந்தப் பெட்டியும் நான் நம்பும்படி சொல்லாது. அதுதான் பயம்.

அம்பத்தூரில் ஒரு பெரிய கடைக்குப் போவதற்காகத் திருமழிசையில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பிப் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். மஞ்சள் பையோடு நாத்தனார் நின்றுகொண்டிருந்தார். என் கணவர் போனில் உளறியிருக்கிறார்.

"இன்னா, தனியாப் போயி ஏமாந்துகினு வரலாம்னு பாத்தியா?" என்றார். பஸ்ஸில் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்தோம்.

கடையில் ஐந்து லேப்டாப்களை வரிசையாகத் திறந்து வைத்திருந்தார்கள். எல்லாவற்றிலும் கிளியும் பூவும் ஓடிக்கொண்டிருந்தன. விற்பனையாளர் ஒன்றைக் காட்டி, "இது கேமிங் மெஷின்க்கா, பறக்கும்" என்றார்.

"பறக்க வாணாம், இங்கியே இருக்கட்டும். அந்தக் கிளிய நிறுத்து" என்றார் நாத்தனார்.

பென்டிரைவில் அந்தக் கல்யாணத்துப் படம் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். காலை வெளிச்சத்தில் வாசலில் எடுத்தது, நான் கை வைக்காதது. அதைத் திரைகளில் போடச் சொன்னேன். நாத்தனார் மஞ்சள் பையிலிருந்து அரக்குத் துண்டை எடுத்தார். நான் அவமானப்பட்ட அதே துண்டு. முதல் திரை முன்னால் நின்று பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார். "நின்னா ஒரு கலரு, குந்துனா ஒரு கலரு. இத்த வச்சிகினு எப்டி நம்புறது?" என்றார். அவர் சொன்னது சரி. மலிவான திரைகள் அப்படித்தான். இரண்டாவது திரையில் புடவை பளபளவென்று சிவந்து கிடந்தது. "கலர் சும்மா தூக்கும்க்கா" என்றார் விற்பனையாளர். "தூக்கிகினு போயி ஒன் ஊட்ல வச்சிக்க" என்றார் நாத்தனார்.

அதன் பிறகுதான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். மூன்றாவது லேப்டாப்பைத் துணிக்கட்டு மாதிரி அணைத்துத் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். அதைக் கட்டியிருந்த ஒயர் இழுபட்டு அலாரம் அலறியது. காவலாளி ஓடி வந்தார், மேலாளர் ஓடி வந்தார். நாத்தனார் கீழே வைக்கவில்லை. "வெயில்ல பாக்காம எப்டிய்யா வாங்குறது?" என்றார். எனக்கு உயிர் போனது. ஆனால் மேலாளர் அவரிடம் கையை நீட்டிப் பேசியதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வாங்கறவங்க பாக்கத்தான் செய்வாங்க, ஒயரைக் கழட்டுங்க" என்று கத்தினேன். இரண்டு பேருக்கும் வாய் நீளம் என்று சொன்னேன் அல்லவா. கழற்றிவிட்டார்கள்.

வாசலில் வெயில் பட்டதும் திரையில் படம் மறைந்துவிட்டது. கண்ணாடி மாதிரி எங்கள் முகங்கள்தான் தெரிந்தன, இரண்டும் கடுகடுவென்று.

"இன்னாமே, நம்ம மூஞ்சிதான் தெரிது" என்றார்.

நான்கு மாதத்தில் முதல் முறையாக நாங்கள் சிரித்தோம். துணி வெயிலை வாங்கிக்கொண்டு நிறம் காட்டும், திரை தானே வெளிச்சம் போடுவதால் வெயிலில் தோற்றுவிடும் என்று அவருக்குச் சொன்னேன். சொல்லும்போதே என் மேசை ஜன்னலை ஒட்டிக் கிடப்பது ஞாபகம் வந்தது. இந்தத் திரையில் நாள் முழுக்க என் மூஞ்சியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வரிசையின் கோடியில் பளபளப்பில்லாத திரையோடு ஒன்று இருந்தது. "அது ஆபீஸ்காரங்க வாங்கறது, டல்லா இருக்கும்க்கா" என்றார் விற்பனையாளர். வாசல் நிழலில் வைத்தபோது அதில் மட்டும் படம் நின்றது. நாத்தனார் துண்டைத் திரையில் இருந்த புடவை மேல் வைத்தார். துண்டின் ஓரம் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்கச் சிரமமாக இருந்தது. நான் எழுதி வைத்த மெமரியில் பாதிதான் அதில் இருந்தது. போதாதே என்று நாத்தனாரிடம் சொல்லித் தயங்கினேன்.

"அத்த அப்பால சேத்துக்கலாமா?" என்று விற்பனையாளரைக் கேட்டார். சேர்க்கலாம் என்றார். "தெரைய மாத்த முடியுமா?" முடியாது என்றார். நாத்தனார் துண்டை மடித்து என் கையில் வைத்தார். "எம் பொண்ணு ஆல்பத்த மொதல்ல போடு" என்றார்.

போட்டேன். ஒரே ஒரு பக்கத்தை மூன்று முறை அச்செடுத்துத் துண்டை வைத்துப் பார்த்த பிறகுதான் முழு ஆல்பத்தையும் அச்சுக்கு அனுப்பினேன். பாரிவாக்கத்தில் அவர் அதை மடியில் வைத்துப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். கடைசிப் பக்கத்தில், "ம். இவதான் எம் பொண்ணு" என்றார். அடுத்த வாரமே அவரிடம் ஜாக்கெட் தைக்க வந்த மாங்காட்டுப் பெண் ஒருத்தியை என்னிடம் அனுப்பினார், கையில் வெட்டுத் துண்டோடு. இன்றும் எந்தக் கல்யாண வீட்டிலும் நான் முதலில் கேட்பது படத்தை அல்ல, ஜாக்கெட் துண்டை.

போன மாதம் நாத்தனாருக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். ரொம்ப வருடமாக வளர்ந்த புரை என்றார் டாக்டர். பார்க்கப் போனபோது என் பையிலிருந்த துண்டைக் கேட்டு வாங்கினார். பார்த்தவர் முகம் மாறியது. "இன்னாமே இவ்ளோ செவப்பா கீது? துண்ட மாத்திட்டியா?"

எனக்குத் திக்கென்றது. கோபத்தில் நான் வீசிய சொல் உண்மையாகவே இருந்திருக்கிறது. கடையில் அவர் பார்த்ததும் புரை விழுந்த கண்ணால்தான். அப்படியானால் நான் மறுபடி போட்ட ஆல்பமும் தப்பா? பீரோவிலிருந்து எடுத்து வந்து திறந்தேன். துண்டைப் பக்கத்தின் மேல் வைத்து, புதுக் கண்ணால் வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணாதான் கீது" என்றார். "அன்னிக்கும் ரெண்டத்தையும் ஒரே கண்ணாலதானே பாத்தேன்."

"அன்னிக்கு உங்க கண்ணுல கோளாறுன்னு சொல்லிட்டேன் அக்கா" என்றேன்.

"சரியாத்தான் சொல்லிகீற. எங் கண்ணும் கோளாறு, ஒன் கம்ப்யூட்டரும் கோளாறு. துணி ஒண்ணுதான் ஒயுங்கா இருந்துது."

இப்போது என் லேப்டாப்புக்கு வயதாகிவிட்டது. மூடி ஆடுகிறது, பெரிய படம் திறந்தால் மூச்சு வாங்குகிறது. புதிதாக வாங்க வேண்டும். எந்தத் திரை எவ்வளவு நிறம் காட்டும் என்று படித்துப் புரிந்துகொள்ள இப்போது எனக்குத் தெரியும். வீட்டிலிருந்தபடியே ஆர்டர் போடலாம். நாத்தனார் விடவில்லை. "புதுக் கண்ணு வந்துகீது, சும்மா வச்சிகினு இருக்கவா? வாசல்ல நெழலு இருக்கிற கடையா பாரு" என்று போனில் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போகிறோம். துண்டை எடுத்துத் தொங்கும் நூல்களை மட்டும் கத்தரித்து மறுபடி ஜிப்பில் வைத்திருக்கிறேன். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் எனக்கு முன்னால் வந்து நிற்பார். துண்டு எங்கே என்றுதான் முதலில் கேட்பார்.