பெட்டிக்காரனுக்கு யாரும் ‘வாங்க’ சொல்வதில்லை

எந்தக் கடையிலும் பொருளை அனுபவிக்கிறவர்தான் குறை சொல்வார். என் தொழிலில் அனுபவிக்கிறவர் இதுவரை வாய் திறந்ததில்லை, சுற்றி நிற்கிறவர்கள்தான் குறை சொல்வார்கள்.

கடலாடியில் நான் வாடகைக்கு விடுவது பந்தல், நாற்காலி, சமையல் பாத்திரம், கூடவே இறந்தவர்களை வைக்கிற ஐஸ் பெட்டி. பெட்டி கடைசியாகத்தான் வாங்கினேன். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் சவுதியிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். அவர் விமானம் பிடித்து வந்து முகம் பார்க்கிறவரை காத்திருக்கப் பெட்டி வேண்டும். வாங்கின நாளோடு பந்தல்காரன் என்ற என் பெயர் போய்விட்டது. ஊருக்கே பெட்டிக்காரன் ஆகிவிட்டேன்.

துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும். சொல்லாமல் கொள்ளாமல் நடையைக் கட்ட வேண்டும். நானும் அப்படியே பழகிவிட்டேன். கஷ்டம் என்னவென்றால், நல்ல வீடுகளில்கூட என்னை யாரும் ‘வாங்க’ என்பதில்லை, கிளம்பினால் ‘போயிட்டு வாங்க’ என்பதும் இல்லை. வட்டிக்குக் கொடுப்பவர்கள், இன்சூரன்ஸ் ஏஜென்டுகள், பல் டாக்டர்கள் என்று வாசலில் நின்றாலே வீட்டுக்காரர் முகம் சுருங்குகிற தொழில்காரர்கள் யாராவது இதைப் படித்தால் என் வேதனை புரியும்.

எனக்கு ஒரே மகள், கவிதா. வரன் வரும். அப்பாவுக்கு என்ன தொழில் என்று விசாரிக்கும். வந்த வழியே போய்விடும். பெட்டியை விற்றுத் தொலைத்தால்தான் பெண்ணுக்குக் கல்யாணம் என்று என் மனைவி பாண்டியம்மாள் தினமும் சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறினாள்.

நலம் விசாரித்தது

எதிர்வீட்டு ராமையா மாமா காலையில் வேகமாக நடப்பார். சர்க்கரைக்கு டாக்டர் சொன்ன நடை. ஒரு நாள் அவர் மூச்சு வாங்க வேப்பமரத்தடியில் நிற்பதைப் பார்த்துவிட்டு, உடம்பு எப்படி இருக்கு மாமா என்று கேட்டேன். வேறு யார் கேட்டிருந்தாலும் அரை மணி நேரம் மூட்டு வலியைப் பற்றிச் சொல்லியிருப்பார். என்னைக் கண்டதும் நெஞ்சை நிமிர்த்தினார், துண்டை உதறித் தோளில் போட்டார், முன்னிலும் வேகமாக நடக்க ஆரம்பித்தார். போகிற போக்கில் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

“ஏலே, எனக்கு ஒண்ணுமில்ல. நீ வேற தெருவுல போயி விசாரி.”

ஆஸ்பத்திரிக்குப் போனது

என் பெரியப்பா ராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ரத்த சொந்தம், பார்க்காமல் இருக்க முடியுமா? சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். பெரியம்மா என்னை வார்டு வாசலிலேயே மறித்து, பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, அவர் தூங்குகிறார் என்றாள். அதற்குள் பெரியப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான். நாள் கணக்கில் எழுந்திருக்காத மனுஷன் கட்டிலில் கையை ஊன்றி உட்கார்ந்தார். இட்லி கேட்டார். என் கண் முன்னாலேயே, என்னைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு வாயாகச் சாப்பிட்டுக் காட்டினார்.

பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குத்தான் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வெளியே வரும்போது நர்ஸ் பின்னாலேயே ஓடி வந்தார்:

“ஊசிக்கு எந்திரிக்காதவரு உங்களப் பாத்து எந்திரிச்சுட்டாரு. நாளைக்கும் ஒருதரம் வந்துட்டுப் போங்கண்ணே.”

மாரியூரில் கரண்டு போனது

கடற்கரை ஊர்களுக்குப் போய் வந்தால் உப்புக்காற்றில் பெட்டி துருப்பிடிக்கும். தலைமாட்டில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு ஏறியதைப் பார்த்துவிட்டுக் கவிதா அதன் மேல் ஒரு தாமரைப்பூ ஸ்டிக்கர் ஒட்டினாள். துக்க வீட்டுக்குப் போகிற சாமானுக்கு அலங்காரமா என்று பாண்டியம்மாள் திட்டினாள். ஒட்டினது ஒட்டினதுதான்.

மாரியூரில் ஒரு பெரியவர் தவறிப்போனார். பெட்டியை இறக்கி வைத்துக் கொஞ்ச நேரத்தில் கரண்டு போய்விட்டது. ஜெனரேட்டர் கயிற்றை இழுத்தேன், இழுத்தேன், கயிறு கையோடு வந்தது. எனக்கு வேர்த்து ஊற்றுகிறது, ஊரே என்னைப் பார்க்கிறது. இறந்தவரின் மூத்த மகன் கடற்கரைப் பக்கம் ஆள் அனுப்பினார். மீன் ஏற்ற வந்த வண்டியிலிருந்து கூடை கூடையாக ஐஸ் வந்து இறங்கியது. எவ்வளவு ஐஸ், எந்தப் பக்கம், எப்படி அடுக்க வேண்டும் என்று அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. எல்லாம் முடிந்தபிறகு அந்த மகன் என் பெட்டியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னார்:

“மீனையே அலுங்காம குலுங்காம கேரளாவுக்கு அனுப்புற ஆளுக நாங்க. எங்க அய்யாவுக்குப் போயி ஒன் பெட்டிய நம்பினேன் பாரு.”

நீல நாற்காலி

கல்யாணத்துக்குச் சிவப்பு நாற்காலி, துக்கத்துக்கு நீல நாற்காலி என்று நான் பிரித்து வைத்திருக்கிறேன். ஒரு பெரிய முகூர்த்த நாளில் சிவப்பு பற்றவில்லை. யாருக்குத் தெரியப்போகிறது என்று பின்வரிசைக்குக் கொஞ்சம் நீலம் அனுப்பிவிட்டேன்.

எங்கள் ஊரில் ஒப்பாரிக்குப் பேச்சியம்மாளை விட்டால் ஆள் கிடையாது. அந்த அம்மாள் மொய் எழுதிவிட்டு வந்து நீல நாற்காலியில் உட்கார்ந்தார். மேளம் கொட்டுகிறது, தாலி கட்டுகிற நேரம், பின்வரிசையிலிருந்து மெல்ல ஒரு இழுவை கிளம்பியது. பக்கத்துப் பெண்ணின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு அம்மாள் இரண்டு அடி பாடியே விட்டார். மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் பார்க்க, நான் ஓடிப்போய் அவரைச் சிவப்பு நாற்காலிக்கு மாற்றினேன். அழுகை நின்றுவிட்டது. அவருக்கே வெட்கம்:

“நான் என்ன செய்ய தம்பி, ஒன் நீலச் சேருல உக்காந்தா தன்னால வந்துருது.”

பெண் பார்க்க வந்தது

கடைசியாகப் பக்கத்து ஊரான சிக்கலிலிருந்து ஒரு வரன் வந்தது. விவசாயக் குடும்பம். பையனுக்குக் கூட்டுறவு சங்கத்தில் வேலை, கவிதாவுக்கும் போட்டோ பிடித்திருந்தது. என்னைப் பந்தல் காண்ட்ராக்டர் என்று மட்டும் தரகர் சொல்லி வைத்தார். இதுவும் தட்டிப்போனால் பெட்டியைக் கிணற்றில் தள்ளிவிடுவேன் என்று சொல்லிவிட்டு, பாண்டியம்மாள் அதைப் பின்கட்டு அறைக்குத் தள்ளி, தன் கல்யாண ஜமுக்காளத்தைப் போட்டு மூடினாள். பெட்டி ஏற்றுகிற வேனை அடுத்த தெருவில் நிறுத்தினோம்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. கேசரி சாப்பிட்டுவிட்டுப் பையனின் அப்பா கை கழுவப் பின்கட்டுப் பக்கம் போனார். போனவர் வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். ஜமுக்காளம் ஒரு பக்கம் சரிந்திருந்தது. அவர் அந்தத் தாமரைப்பூ ஸ்டிக்கரைப் பார்த்தபடி ஈரக்கையோடு நின்றுகொண்டிருந்தார். காபி டம்ளரோடு வந்த பாண்டியம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். இந்த வரனும் போயிற்று என்று நினைத்தேன். ஒளித்தது தப்புதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கூடத்துக்குத் திரும்பி வந்து, உட்காராமல், செருப்பைத் தேடினார்.

வாசல் வரை போனவர் நின்றார். அவருடைய அம்மா இறந்தபோது தான் சவுதியில் வேலையில் இருந்ததாகச் சொன்னார். விமானம் கிடைத்து, பஸ் பிடித்து வீடு வந்து சேர்கிறவரை அந்த அம்மாள் இந்தப் பெட்டியில்தான் மகனுக்காகக் காத்திருந்தாராம். முகத்தைப் பார்த்து அழுகிறபோதெல்லாம் பக்கத்தில் இந்தப் பூ தெரிந்ததாம். பெட்டி யாருடையது என்று கேட்டு நன்றி சொல்வதற்குள் நான் வழக்கம்போலச் சொல்லாமல் போய்விட்டிருக்கிறேன். பூவை ஒட்டியது கவிதா என்று மெதுவாகச் சொன்னேன். அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்:

“அன்னைக்கு எங்க வீட்ல இருந்து நீங்க சொல்லாமப் போனீக. இன்னைக்கு நான் சொல்லிட்டே போறேன் சம்பந்தி, போயிட்டு வாரேன். நீங்களும் அவசியம் நம்ம வீட்டுக்கு வாங்க. ஒண்ணே ஒண்ணு, அந்த வேன்ல வேணாம், பஸ்ல வாங்க.”

ஆகவே பெட்டியை நான் விற்கவில்லை, சம்பந்தி வீட்டுக்குப் பஸ்ஸில்தான் போகிறேன், அப்படியும் சிக்கல் ஸ்டாப்பில் இறங்கியதும் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற பெரியவர் ஒருவர் பாதி டீயை வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார்.